மேடைப்பேச்சில் உட்குறிப்பு தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

பழைய நூலையோ பேச்சையோ பெயர் சொல்லாமல் தொட்டுக்காட்டுவதுதான் உட்குறிப்பு. அதைத் தேடும் முதல் பயிற்சிக்கு, பேச்சுக்கலை படிக்க வரும் புதியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் பேசியதைத்தான் எடுக்கிறார்கள். நல்ல தேர்வுதான். ஆனால் எல்லோரும் சறுக்குவது அதே சில இடங்களில்.

மேற்கோளை உட்குறிப்பு என்பது

மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரியை, இது இந்த நாட்டின் கொள்கை என்று சொல்லியேதான் கிங் எடுத்தாள்கிறார். அது மேற்கோள். எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் தொட்டுவிட்டுப் போனால்தான் உட்குறிப்பு.

மூலம் கிடைத்ததும் பேனாவை மூடிவிடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். நீதி தண்ணீரைப் போலப் புரண்டு வரும்வரை நமக்குத் திருப்தி கிடையாது என்கிறார் கிங். உடனே "பைபிள், ஆமோஸ் 5:24, பேச்சாளரின் பக்தி வெளிப்படுகிறது" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். அப்படி எழுதிய ஒரு பையனிடம், அதற்கு மேலே உள்ள மூன்று வசனங்களைப் படித்தாயா என்று கேட்டேன். இல்லையாம். சரி, இப்போது படி என்றேன். உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், உங்கள் பாட்டுச் சத்தம் எனக்கு வேண்டாம் என்று கடவுள் அங்கே சீறுகிறார். அதுவும் யாரைப் பார்த்து, வழிபாட்டில் ஒரு குறையும் வைக்காமல் ஏழையை மிதித்துப் பிழைத்தவர்களைப் பார்த்து. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போய்விட்டு, மறுநாள் கறுப்பினத்தவரைத் தனி வாசலுக்கு அனுப்பிய தென் மாநிலங்களுக்கு இதைவிடப் பெரிய வசவு உண்டா? அதைக் கிங் தன் வாயால் சொல்லவில்லை, பைபிள் கேட்டே வளர்ந்த ஒரு கூட்டத்தின் நினைவில் தட்டிவிட்டார், அவ்வளவுதான். மூலத்தின் பெயரோடு நின்றுவிட்டால் கோபத்தைப் பக்தி என்று எழுதிவிடுவீர்கள், அப்புறம் கட்டுரை முழுவதும் தப்பான திசையில்தான் போகும்.

பேசிய இடத்தை மறப்பது

நூறு ஆண்டுகள் என்று சொல்லாமல் 'ஐந்து இருபது ஆண்டுகளுக்கு முன்' என்று தொடங்குகிறார் கிங். 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் அமெரிக்க அதிபர் லிங்கன் தன் உரையைத் தொடங்கியது 'நான்கு இருபதும் ஏழும் ஆண்டுகளுக்கு முன்' என்று. அந்த வரியில் லிங்கனின் பெயர் வராது, வர வேண்டியதும் இல்லை: கிங் நின்றது லிங்கன் நினைவகத்தின் படிகளில். காகிதத்தை மட்டும் பார்த்தால் இதில் பாதி போய்விடும்.

எல்லாவற்றிலும் உட்குறிப்பு பார்ப்பது

வேண்டாம். மலை, நதி என்று வந்தாலே பைபிள் ஆகிவிடாது. மூலத்தின் சொற்சேர்க்கை அடையாளம் தெரிகிறதா, கேட்ட கூட்டத்துக்கு அது பழக்கமா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் எழுதுங்கள்.