ஐரோப்பா டூர்: போன ஊருக்கே திரும்பி வராதீர்கள்

எதிர்வீட்டுத் தம்பி போன வாரம் போனை நீட்டினான். "அண்ணே, ஐரோப்பா பிளான் போட்டுட்டேன், ஒரு தடவை பாத்துருங்க." சென்னை–பாரிஸ், பாரிஸ்–சென்னை டிக்கெட். நடுவில் சுவிஸ், வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம். கடைசி நாள் காலை ரோமிலிருந்து குறைந்த கட்டண விமானத்தில் 'பாரிஸ் போவே' (Beauvais) என்ற விமான நிலையம். அன்று மதியமே சென்னை விமானம். பார்த்ததும் 2017 மே மாதம் வயிற்றைப் பிசைந்த மாதிரியே இப்போதும் பிசைந்தது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, நான் செய்த அதே முட்டாள்தனத்தைச் செய்து வைத்திருந்தான்.

நான் டூர் ஏஜென்ட் இல்லை. நாலு தடவை சொந்தக் காசில் போய் அடிபட்டு வந்தவன். பாஸ்போர்ட் நகல் எடுங்கள், ஈஃபில் கோபுரத்தடியில் பர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விடுகிறேன்.

போன ஊருக்கே திரும்பும் டிக்கெட்

முதல் பயணத்தில் நான் வாங்கியது சென்னை–ஃபிராங்க்ஃபர்ட்–சென்னை, வளைகுடா வழியாக. ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ரோமிலிருந்து கிளம்புகிற மாதிரி வாங்கியிருந்தால் தலைக்கு ஆறாயிரம் ரூபாய் கூட. அந்த ஆறாயிரத்தை மிச்சம் பிடித்த பெருமையில் வீட்டில் இரண்டு நாள் என் பேச்சைத் தாங்க முடியவில்லை.

மிச்சம் பிடித்தாயிற்று. ஆனால் ஊர் சுற்றி முடிக்கும் இடம் ரோம். ஊருக்குக் கிளம்பும் இடம் ஃபிராங்க்ஃபர்ட். கடைசி நாள் காலை ரோமின் சம்பீனோ விமான நிலையத்திலிருந்து 'ஃபிராங்க்ஃபர்ட் ஹானு'க்கு மலிவு டிக்கெட் கிடைத்தது. 9.50க்கு இறக்கிவிடுவான், 3.20க்குத்தான் நம் விமானம், நடுவில் அஞ்சரை மணி நேரம். தாராளம் என்று நினைத்தேன்.

ஹான், ஃபிராங்க்ஃபர்ட்டில் இல்லை. சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, ஹுன்ஸ்ரூக் மலைப்பக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்க விமானப் படையின் தளம். டிக்கெட்டில் 'ஃபிராங்க்ஃபர்ட்' என்ற பெயர் இருந்தது, நான் நம்பினேன். வேலூரில் இறக்கிவிட்டு 'சென்னை வேலூர்' என்று பெயர் வைத்தால் நாம் சும்மா விடுவோமா?

அன்றைக்கு ரோமில் விமானம் கிளம்பவே தாமதம். 9.50க்கு இறங்க வேண்டியது 12.40க்குத் தரையைத் தொட்டது. பெட்டி வந்து சேர இருபத்தைந்து நிமிடம். வெளியே ஓடினால் பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது. அடுத்த பஸ் பிடித்து, ஒன்றே முக்கால் மணி நேரம் ஜன்னல் வழியே காற்றாலைகளை எண்ணிக்கொண்டே வந்தோம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கவுண்டருக்குப் போனபோது 3.30. அங்கே இருந்த பெண், விமானம் ஓடுபாதையில் இருக்கும் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

தாமதப்படுத்தியவன் பொறுப்பில்லையா என்றால், இல்லை. இரண்டும் தனித்தனி டிக்கெட். ஒரே டிக்கெட்டில் இணைப்பு விமானமாக இருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றி அனுப்புவது அவர்கள் கடமை. பெட்டியும் பெரும்பாலும் தானாகப் போய்விடும். தனித்தனியாக வாங்கினால் ரோம்காரனுக்குச் சென்னை தெரியாது, சென்னைக்காரனுக்கு ரோம் தெரியாது.

நஷ்டஈடாவது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் விதிமுறை ஒன்று உண்டு. விமான நிறுவனத்தின் கையை மீறிய காரணம் ஏதும் இல்லாமல் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், 1,500 கிலோமீட்டருக்குள்ளான பயணத்துக்குத் தலைக்கு 250 யூரோ. எங்கள் தாமதம் 2 மணி 50 நிமிடம்! அந்தப் பத்து நிமிடத்தை இன்னும் மன்னிக்க முடியவில்லை. இதில் இன்னொரு கொடுமை. விமானம் வந்து சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, கதவு திறந்த நேரம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இது எனக்குத் தெரிய வந்தது ஊர் திரும்பி இரண்டு வருடம் கழித்து. அன்றைக்குக் கதவு எத்தனை மணிக்குத் திறந்தது? நான் பார்க்கவில்லை. பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன்.

கதை இதோடு முடியவில்லை. விசாவில் இரண்டு கணக்கு இருக்கும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்பது ஒன்று. அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. எங்கள் ஸ்டிக்கரில் கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது, ஆனால் நாள் கணக்கு 15 என்று போட்டிருந்தது. இறங்கிய நாள், கிளம்பும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். அன்றைக்குத்தான் பதினைந்தாம் நாள். ஆக, நிதானமாக ஒரு ராத்திரி தங்கி மலிவாக டிக்கெட் தேடலாம் என்பதற்கும் வழியில்லை. அன்று ராத்திரி கிளம்பும் விமானத்தில் இரண்டு பேருக்கு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கொடுத்து ஏறினோம். தலைக்கு ஆறாயிரம் மிச்சம் பிடித்த ஆள்தான் நான்.

(ஒரு நாள் கூடத் தங்கினால் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: 2025 அக்டோபரிலிருந்து அங்கே முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையும் முகப்படமும் எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நாளை எண்ணுவது இப்போது கம்ப்யூட்டர்.)

சரி, என்ன செய்ய வேண்டும்? டிக்கெட் தேடும் பக்கத்தில் 'மல்டி சிட்டி' என்று ஒரு பட்டன் இருக்கும். போகும்போது சென்னை–பாரிஸ், வரும்போது ரோம்–சென்னை என்று அதில் போட்டுப் பாருங்கள். இரண்டாயிரமோ எட்டாயிரமோ கூட வரும். திரும்பி வரும் உள்ளூர் விமானம், அதற்குப் பெட்டிக் கட்டணம், பஸ், வீணாகும் அரை நாள் எல்லாம் சேர்த்தால் அந்த எட்டாயிரம் ஒன்றுமே இல்லை.

தம்பி மாதிரி ஏற்கெனவே டிக்கெட் வாங்கிவிட்டவர்கள் வரிசையை மாற்றுங்கள். பாரிஸில் இறங்கியதும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து ரோமுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து வடக்கே ஏறி வந்து, பாரிஸைக் கடைசி மூன்று நாளுக்கு வையுங்கள். ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தின ராத்திரி அந்த ஊரிலேயே படுத்திருக்க வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

விமான நிலையத்தின் பெயர்

பாரிஸ் போவே, பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். மியூனிக் வெஸ்ட் என்று விற்கப்படும் மெம்மிங்கன் நூறுக்கு மேல். ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டாவும் கிட்டத்தட்ட நூறு. வரைபடத்தைப் பாருங்கள்.

போனில் போர்டிங் பாஸ் வந்ததும் நேரே கேட்டுக்குப் போவது

சில மலிவு நிறுவனங்களில், ஐரோப்பிய பாஸ்போர்ட் இல்லாதவர்கள் முதலில் கவுண்டருக்குப் போய் விசாவைக் காட்டி முத்திரையோ ஒப்புதலோ வாங்க வேண்டும். போர்டிங் பாஸிலேயே பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் பாதுகாப்புச் சோதனை தாண்டி, பர்கர் சாப்பிட்டு, கடைசி நிமிடத்தில் கேட்டில் நின்று, "போய் முத்திரை வாங்கி வா" என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அப்பா ஓடிய ஓட்டம்! திரும்பி வந்தாரா தெரியாது, எங்களை ஏற்றிவிட்டார்கள்.

ஹோட்டல்: படத்தைப் பார்த்தவர்கள் படியைப் பார்ப்பதில்லை

ஃபிளாரன்ஸில் 'மூன்றாவது மாடி, அழகிய பழங்காலக் கட்டடம்' என்று போட்டிருந்தது. இரண்டும் உண்மை. பழங்காலக் கட்டடம் என்றால் ஒவ்வொரு மாடியும் நம் ஒன்றரை மாடி உயரம் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. எண்பத்தாறு படி. கையில் 23 கிலோ பெட்டி, தோளில் புளியோதரை மிக்ஸ், ஊறுகாய், எலக்ட்ரிக் குக்கர். அறுபதாவது படியில் எலக்ட்ரிக் குக்கரை அங்கேயே விட்டுவிடலாமா என்று தோன்றியது. லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். உண்டு என்றால், பெட்டியும் ஆளும் ஒன்றாகப் போக முடியுமா என்று இன்னொரு தடவை கேளுங்கள்.

அறை வாடகையோடு ஊர் வரி தனி. ரோமில் தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று கணக்கு; ஆம்ஸ்டர்டாமில் 2024இலிருந்து அறை வாடகையில் 12.5 சதவீதம். முன்பணம் முழுக்கக் கட்டியிருந்தாலும் பல இடங்களில் இதை நேரில்தான் வாங்குவார்கள், சில இடங்களில் ரொக்கமாக. ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போடாதீர்கள், நான் போட்டேன்.

வெனிஸ் பார்க்கப் போகிறவர்கள், எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேவில் அறை எடுப்பதைத் தவறு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரயிலில் பத்து நிமிடம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் பாலமாக ஏறி இறங்குவதற்கு அது எவ்வளவோ மேல்.

கார்டு மெஷின் "ரூபாயில் கட்டவா?" என்று கேட்டால்

வேண்டாம். யூரோ.

மூடியிருக்கும் நாள்

பாரிஸின் லூவர் அருங்காட்சியகம்: செவ்வாய். பாரிஸின் ஓர்சே, ஃபிளாரன்ஸின் உஃபீசி அருங்காட்சியகங்கள்: திங்கள். வாட்டிகன் அருங்காட்சியகம்: மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகள்.

டிக்கெட் வாங்கியும் டிக்கெட் இல்லாதவர் ஆவது

நமக்குக் கண்டக்டர் கிழித்துக் கொடுத்தால் அது டிக்கெட். அங்கே பல ஊர்களில் காகித டிக்கெட்டை மெஷினில் நுழைத்துத் தேதியும் நேரமும் குத்திக்கொண்டால்தான் அது டிக்கெட். இத்தாலியில் உள்ளூர் ரயில்களுக்கு ஸ்டேஷனிலேயே மெஷின் இருக்கும். பிராக் மெட்ரோவில் உள்ளே போகும் வழியிலேயே மஞ்சள் மெஷின். தடுப்பு எதுவும் இல்லாததால் கண்ணில் படாது. ஜெர்மனியில் குத்தாத டிக்கெட்டோடு மாட்டினால் 60 யூரோ. சாதாரண உடையில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று அடையாள அட்டையை நீட்டியபோது, நான் டிக்கெட்டைப் பெருமையாக எடுத்துக் காட்டினேன். புத்தம் புதுசு, ஒரு கறை இல்லை. அதுதான் பிரச்சினை என்று புரிய இரண்டு நிமிடம் ஆனது.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை

சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். பால், தயிர், பழம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக்குப் போங்கள், அங்கே உள்ள கடைகள் திறந்திருக்கும். தயிர் வாங்கும்போது டப்பாவில் பழப் படம் இல்லாததாகப் பார்த்து எடுக்கவும். ஸ்ட்ராபெரி தயிர்சாதம் ஒரு தடவை சாப்பிட்டாயிற்று.