தடுமாறும் வட்ட அரசு மருத்துவமனையைக் கண்காணிப்பது எப்படி?
முதலில், மருத்துவமனை யாருடைய பொறுப்பில் உள்ளது என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அதன் முதல்வரும், வட்ட மருத்துவமனைக்கு மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரும் பொறுப்பு. முகவரி தவறிய மனு மேசை மேசையாகச் சுற்றும்.

அடுத்தது மருந்து. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து பாஸ்புக் (மருத்துவமனை பெறும் மருந்துகள் பதியப்படும் கணக்கேடு) வழியாகவே மருந்து பெறப்படுவதால், குறை கிடங்கிலா, உரிய நேரத்தில் கேட்டுப் பெறாத மருத்துவமனையிலா என்பதை அதையும் இருப்புப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பெரும்பாலும் கண்டறியலாம். சம்பா சாகுபடியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும் மாதங்களில் பாம்புக்கடிக்கான நஞ்சுமுறி மருந்தின் இருப்பைத் தனியே கேளுங்கள். ஜெனரேட்டரை அக்டோபருக்குள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பின் மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை.

பணியிட விவரத்தை வாய்மொழியாகக் கேட்பதில் பயனில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 10 ரூபாய் கட்டணத்துடன், ஒப்பளிக்கப்பட்ட இடங்கள், நிரப்பப்பட்டவை, மாற்றுப் பணியில் சென்றோர் (பணியிடம் இங்கே, வேலை வேறிடத்தில்) என்று தனித்தனியே கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். மூன்றாவது கேள்வியே, என் கருத்தில், உண்மை நிலையை வெளிக்கொணரும். பதிலின் நகலை இணைத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு அளித்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள்.