நோட்டில் 118, உடம்பில் 150: பிபி குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நண்பர் ஒருவர் தன் பிபி நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. உப்பைக் குறைத்திருக்கிறார், தினமும் நடக்கிறார். நோட்டு முழுக்க 118, 120, 122 என்று அழகழகான எண்கள். "ஒரு தடவைகூட ஏறவே இல்லையா?" என்று கேட்டேன். "முதல்ல 148 காட்டும். ரெண்டு மூணு தடவை பார்த்தா இறங்கிடும். இறங்கினதை எழுதிக்குவேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு என் நோட்டும் இதே லட்சணத்தில்தான் இருந்தது.

புகையை விடுங்கள், குடியைக் குறையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

## உப்பின் நிறத்தை மாற்றுவது

நானும் இந்துப்புக்கு மாறினேன், அப்புறம் கடல் உப்புக்கு மாறினேன். எல்லாமே சோடியம் குளோரைடுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ரொட்டி, சாஸ், சீஸ், பாக்கெட் சூப் ஆகியவற்றுக்குள் ஒளிந்திருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். பாக்கெட்டில் சோடியத்தை மில்லிகிராமில் போட்டிருந்தால் அதை 2.5-ஆல் பெருக்குங்கள். 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாள் அளவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே பாக்கெட்டில் போயிற்று.

பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு பலருக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனலாப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

## 'இயற்கை' என்றாலே இறக்கும் என்று நம்புவது

அதிமதுரம் ஏற்றும். தொண்டைக்கு இதமாக இருக்கிறதே என்று நானே தினமும் அதைக் கொதிக்கவைத்துக் குடித்திருக்கிறேன். அதிலுள்ள கிளிசிரைசின் சோடியத்தை உடம்பில் தங்க வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும்.

## நல்ல எண்ணை மட்டும் எழுதுவது

முதலில் 152 வரும். மாடிப்படி ஏறி வந்தோம், அதனால்தான். மறுபடி பார்த்தால் 146. பட்டையைச் சரியாகச் சுற்றவில்லை. மூச்சை இழுத்து இழுத்து விட்டு, ஐந்தாவது தடவை 128. அது நோட்டில் ஏறும். பத்து மாதம் இப்படியே ஓட்டினேன். நோட்டை நம்பி மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கினார். அவர் மேல் குற்றமே இல்லை, நான் கொடுத்த கணக்கு அப்படி. அடுத்த வருடம் வேறு எதற்காகவோ எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தபோது இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. கூடுதல் அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே அந்தத் தசை தடித்துப்போகும். நடுவில் ஒரு தலைவலி, ஒரு மயக்கம் எதுவும் கிடையாது. இப்போதும் யாராவது "இறங்கினதை எழுதிக்குவேன்" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதனால்தான்.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. எது பலன் தந்தது என்பதே தெரியாமல் போய்விடும். காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த 'டாஷ்' உணவுமுறையைச் சோதித்த ஆய்வு 1997-இல் வெளியானது. உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு அதில் மேல் எண் (120/80 என்றால் 120) சராசரியாகச் சுமார் 11 புள்ளி இறங்கியது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு புள்ளி. நாமே 20 புள்ளியைக் கழித்து எழுதுகிற நோட்டில் இந்த இறக்கத்தை எங்கே போய்த் தேடுவது?

சரி, எப்படித்தான் பார்ப்பது? அரை மணி நேரத்துக்கு முன்பே காபி, புகை, உடற்பயிற்சி எல்லாம் முடிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேசை மேல், இதய மட்டத்தில் இருக்கட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். பேச்சு வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் எழுதுங்கள். முதல் எண் பெரும்பாலும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். காலையும் மாலையுமாக ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தொட்டால் அது உயர் அழுத்தம்தான். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குளறலோ இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

## எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவது

நீங்களாக நிறுத்தாதீர்கள்.

## வலி மாத்திரையைக் கணக்கில் சேர்க்காதது

இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டுமே ஏற்றும். நுரைத்துக் கரைகிற மாத்திரைகளில் சோடியம் வேறு இருக்கிறது.

## குறட்டையைச் சிரித்துத் தள்ளுவது

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் பிபி அடங்காது. உங்களுக்கு அது தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.