பிள்ளை தங்கும் நாட்கள் மாறினாலும் தாபரிப்புப் பணம் தானாக மாறாது

பிரிந்த பெற்றோருக்கு நீதிமன்றம் ஓர் ஏற்பாட்டை எழுதிக் கொடுத்திருக்கும்: பிள்ளை தாயிடம், தந்தைக்கு ஒன்றுவிட்ட வார இறுதி, பிள்ளையின் செலவுக்குத் தந்தை கட்ட வேண்டிய தாபரிப்பு மாதம் இவ்வளவு டொலர். ஒரு வருடம் கழித்துத் தந்தைக்கு வேலை நேரம் மாறுகிறது, அருகிலேயே வீடு கிடைக்கிறது, பிள்ளை பாதி வாரம் அங்கே தங்கத் தொடங்குகிறது. "அப்படியானால் காசையும் பாதியாக்குவோம்" என்று இருவரும் தொலைபேசியில் பேசி முடித்துவிடுகிறார்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இந்தப் பணத்தை வசூலிப்பது குடும்பப் பொறுப்பு அலுவலகம், எல்லோரும் எஃப்.ஆர்.ஓ. என்பார்கள். உங்கள் தொலைபேசிப் பேச்சு அதற்குத் தெரியாது. உத்தரவில் உள்ளதைவிடக் குறைவாகக் கட்டிய ஒவ்வொரு மாதமும் நிலுவை ஏறும். அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கலாம், வாகன ஓட்டுநர் உரிமத்தையே நிறுத்திவைக்கலாம். ஆனால் உத்தரவிலுள்ள தொகையை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

அடுத்தது நாற்பது வீதக் கணக்கு. பிள்ளை ஆண்டில் குறைந்தது 40 வீத நேரம் ஒவ்வொரு பெற்றோரின் பொறுப்பிலும் இருந்தால்தான் கூட்டாட்சித் தாபரிப்பு வழிகாட்டிகளின் 9ஆம் பிரிவு, அதாவது பகிர்ந்து பராமரிப்பவர்களுக்கான தனிக் கணக்கு, பொருந்தும். நாளாக எண்ணினால் 146, மணித்தியாலமாக எண்ணினால் 3,504. "எனக்கும் பாதிதான்" என்று நம்பியிருப்பவர்கள் ஒருமுறை காகிதத்தில் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றுவிட்ட வார இறுதியில் வெள்ளி மாலை ஆறு முதல் ஞாயிறு மாலை ஆறு வரை என்றால் ஆண்டுக்கு 1,248 மணித்தியாலம். வாரம் ஓர் இரவு, புதன் மாலை நான்கு முதல் வியாழன் காலை எட்டு வரை என்றால் இன்னும் 832. மொத்தம் 2,080, ஏறத்தாழ 24 வீதம். கோடையில் இரண்டு வாரம் சேர்த்தாலும் 30ஐத் தொடாது. பாடசாலையில் இருக்கும் நேரம் யாருடைய கணக்கில் சேரும் என்பதற்கே சட்டத்தரணிகள் மல்லுக்கட்டுவார்கள். அதனால் நாட்காட்டியில் இன்றிலிருந்தே குறித்து வையுங்கள்.

நாற்பதைத் தாண்டினாலும் தொகை பாதியாகிவிடாது. வருமானத்துக்கு ஏற்பத் தொகையைச் சொல்லும் வழிகாட்டி அட்டவணைப்படி ஒருவர் 900 டொலரும் மற்றவர் 500 டொலரும் கட்ட வேண்டியிருந்தால், வித்தியாசமான 400 ஒரு தொடக்கப் புள்ளி, அவ்வளவே. இரண்டு வீடு நடத்துவதால் கூடும் செலவையும், இருவரின் வசதியையும், பிள்ளையின் தேவையையும் நீதிபதி பார்க்க வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2005இல் கொன்றினோ வழக்கில் சொன்னது. வருமானம் குறைந்த வீட்டில் பிள்ளையின் வாழ்க்கை சட்டென்று இறங்கிவிடக் கூடாது என்ற கவலை அதற்குள் இருக்கிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது, கட்டுகிறவர்கள் கோபிக்கலாம்.

உத்தரவை மாற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்க, இருவரும் உடன்பட்டால் படிவம் 15டி போதும். உடன்படாவிட்டால் படிவம் 15. நேரப் பகிர்வைக் காரணமாகக் காட்டும்போது இருவரின் வருமானமும் மேசைக்கு வரும். கடைசி மூன்று ஆண்டு வரி மதிப்பீட்டு அறிவித்தல்களை எடுத்து வையுங்கள். மாற்றம் நடந்த கிழமையிலேயே மற்றவருக்கு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள். பின்தேதியிட்டுக் குறைக்கச் சொல்லி மூன்று வருடம் கழித்து வந்து நிற்பவரிடம், எப்போது அறிவித்தீர்கள், என்ன ஆதாரம் காட்டினீர்கள் என்றுதான் நீதிமன்றம் கேட்கும். படிவம் நிரப்பத் திணறினால் குடும்ப நீதிமன்றத்திலுள்ள குடும்பச் சட்டத் தகவல் நிலையத்துக்குப் போங்கள், அங்கே தகவலுக்குக் காசில்லை.

பிள்ளைகளுக்காக அரசு தரும் கனடா சிறுவர் கொடுப்பனவை மறந்துவிடாதீர்கள். பராமரிப்பு ஏறக்குறையச் சமமானால் அதை வருமான வரி முகவரகத்துக்கும் தனியாக அறிவிக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொருவருக்கும் அவரவர் வருமானப்படி கிடைக்கக்கூடியதில் பாதி வரும். அறிவிக்காமல் முழுத் தொகையையும் வாங்கியவரிடம், கூடுதலாகக் கொடுத்ததை முகவரகம் பிறகு திருப்பிக் கேட்கும்.