பாம்புக்கடி: காலைப் பார்த்துக்கொண்டு மூச்சைக் கோட்டை விடாதீர்கள்

108 ஆம்புலன்ஸ் பணிக்குப் பயிற்சி பெறுபவர்கள் பாம்புக்கடி என்றதும் முதலில் கடிவாயைத் தேடுகிறார்கள். வீக்கம் இல்லையென்றால் விஷமும் இல்லை என்று முடிவுகட்டுவதுதான் இதில் மிக ஆபத்தான தவறு. கண்ணாடி விரியன் கடித்தால் கால் வீங்கும், ஈறில் இரத்தம் கசியும். ஆனால் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவருக்கு இமைகள் தொங்கி, பேச்சும் குழறினால், கடிவாய் தென்படாவிட்டாலும் பாம்புக்கடியைச் சந்தேகித்தே ஆகவேண்டும்.

அவரை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். வண்டியில் ஏறும்போது 20 வரை எண்ணியவர் சற்று நேரத்தில் 10-ஐத் தாண்டத் திணறினால், படுத்தபடி தலையைத் தூக்க முடியாமல் போனால், மூச்சுத் தசைகள் தளர்கின்றன என்று பொருள். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய கருவி 98 காட்டுகிறதே என்று காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் கொடுக்கும்போது அந்த எண் மிகத் தாமதமாகத்தான் இறங்கும். மூச்சு போதாதபோது ஆம்பு பேக்கை (கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தும் பை) எடுத்து, மருத்துவமனையில் ஒப்படைக்கும்வரை விடாமல் அழுத்த வேண்டும். முழுதும் முடங்கியவரின் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் இருந்தாலும் அவருக்கு நினைவு இருக்கலாம், நாம் பேசுவது காதில் விழலாம். அவர் பக்கத்தில் நின்று "பிழைக்க மாட்டார்" என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது.

வீட்டார் கடிபட்ட காலைக் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தால், பதறிப்போய் வழியிலேயே அறுத்துவிடாதீர்கள். தேங்கிய விஷம் ஒரேயடியாக உடலில் பரவக்கூடும் என்பதால், கட்டுக்குக் கீழே நாடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மருத்துவர் முன்னிலையில் அவிழ்ப்பதே முறை. கீறுவதும் உறிஞ்சுவதும் கூடவே கூடாது. மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அணைகட்டை வைத்து அந்தக் காலை அசையாமல் வைத்தால் போதும்.

பாம்பை அடித்துக் கொண்டுவரச் சொல்வதும் வீண். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தை 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தருகிறார்கள். அந்த மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடிட்டு நேரத்தை எழுதி, கடித்த நேரத்தோடும் இமை தொங்கத் தொடங்கிய நேரத்தோடும் மருத்துவரிடம் ஒப்படையுங்கள்.