பிவட் டேபிள் கிராண்ட் டோட்டல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்செல்லில் மூலத் தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளின் கடைசி வரியில் வரும் கிராண்ட் டோட்டல், மேலே தெரியும் எண்களைக் கூட்டி எடுத்ததல்ல. மூலத் தரவுக்குத் திரும்பப் போய், அந்தக் கணக்கை எக்செல் முதலிலிருந்து போடுகிறது. இதை மறந்து அதில் கை வைப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

மிக மோசமாக ஏமாற்றுவது கால்குலேட்டட் ஃபீல்டு, அதாவது இருக்கும் பத்திகளை வைத்துப் பிவட்டுக்குள்ளேயே நாம் போடும் கணக்குப் பத்தி. அரிசி கிலோ 50 ரூபாய்க்கு 10 கிலோ, பருப்பு கிலோ 120 ரூபாய்க்கு 5 கிலோ விற்றதாகத் தரவில் இரண்டு வரிகள் இருக்கின்றன. விலையையும் அளவையும் பெருக்கும் ஃபீல்டு ஒன்றைச் சேர்த்தால் 500, 600 என்று சரியாகவே வரும். கீழே 1,100 இருக்க வேண்டிய இடத்தில் 2,550 நிற்கும். விலைகளைத் தனியாகக் கூட்டி 170, அளவுகளைத் தனியாகக் கூட்டி 15, பிறகு இரண்டையும் பெருக்கியிருக்கிறது எக்செல். அரிசி இரண்டு பில்களில் விற்றிருந்தால் அரிசி வரியே தப்பாகிவிடும். மூலத் தரவிலேயே 'தொகை' என்று ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு வரியிலும் பெருக்கிவிட்டு, பிவட்டில் அதை வெறுமனே கூட்டுங்கள். இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரே பத்தியில் இருக்கும் சில பெயர்களைச் சேர்த்து நாம் உருவாக்கும் கால்குலேட்டட் ஐட்டம் வேறு விதமாகக் கெடுக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை கூட்டி 'முதல் காலாண்டு' என்று ஓர் ஐட்டம் உருவாக்கினால், அந்த மூன்று மாதங்களும் கிராண்ட் டோட்டலில் இரண்டு முறை ஏறிவிடும்.

சராசரியில் நடப்பது நேர்மாறு: எண் தப்பாகத் தெரியும், ஆனால் அதுதான் சரி. ஒரு கிளையில் நூறு ரூபாய் பில் மூன்று, இன்னொன்றில் ஐந்நூறு ரூபாய் பில் ஒன்று என்றால் கிராண்ட் டோட்டல் 200 காட்டும். நூறுக்கும் ஐந்நூறுக்கும் சராசரி 300 வர வேண்டும் என்று சண்டை போடாதீர்கள். நான்கு பில்களின் சராசரி 200தான்.

'கிராண்ட் டோட்டல்' என்ற பெயர் பிடிக்கவில்லையென்றால் அந்தக் கட்டத்திலேயே 'மொத்தம்' என்று தட்டச்சு செய்யலாம். மொத்த வரியை மேலே கொண்டுவர நேரடி வசதி இல்லை. அதற்காக வேறொரு கட்டத்தில், மொத்தம் இருக்கும் பி20 கட்டத்துக்கு இணைப்புக் கொடுத்தால், நாளை ஒரு வரி கூடியதும் அது வேறு எண்ணைக் காட்டும். கெட்பிவட்டேட்டா ஃபார்முலா போட்டால், மொத்தம் எந்த வரிக்கு நகர்ந்தாலும் தேடி எடுத்துவிடும். வலதுபுற மொத்தத்தை மட்டும் நீக்க, டிசைன் தாவலில் 'ஆன் ஃபார் காலம்ஸ் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் 'ஆன் ஃபார் ரோஸ் ஒன்லி' என்பதை அழுத்திவிட்டுக் குழம்புகிறார்கள்.

கோப்பை வெளியே அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். கிராண்ட் டோட்டலை இருமுறை கிளிக் செய்தால், அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாப் பதிவுகளும் புதிய தாளில் விரியும். மூலத் தாளை நீக்கியிருந்தாலும் பெரும்பாலும் விரியும். சம்பளப் பட்டியலின் மொத்தத்தை மட்டும் காட்ட நினைத்தால், புதிய கோப்பில் 'பேஸ்ட் வேல்யூஸ்' மூலம் எண்களை மட்டும் ஒட்டி அனுப்புங்கள்.