வலைத்தளத்தில் வருமானம் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தளங்களில் விளம்பரம் காட்டி உரிமையாளருக்குப் பங்கு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் தமிழ்த் தளங்களுக்கும் கிடைக்கும் என்று 2018-இல் ஆனதிலிருந்து, புதிதாகத் தளம் தொடங்குவோர் பலர் தங்கள் பக்கங்களைக் காட்டி என்னிடம் யோசனை கேட்கின்றனர். அந்நாளில் நாங்கள் செய்த அதே பிழைகள்தாம் அவற்றிலும் தென்படுகின்றன. எழுத்துப்பிழை, மெதுவாகத் திறக்கும் பக்கம் போன்றவற்றை எவரும் சுட்டிக்காட்டிவிடுவார்கள் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கைதவறி விழும் கிளிக்கை வருமானமாக எண்ணுதல்

பத்தாம் வகுப்பு வினாத்தாள்களைத் தரும் ஒரு தளத்தை அண்மையில் பார்த்தேன். 'பதிவிறக்கம்' என்று பச்சை நிறத்தில் மூன்று பட்டன்கள் இருந்தன; அவற்றுள் இரண்டு விளம்பரங்கள். உண்மையான பட்டனை அழுத்தப்போகும் நொடியில், மேலே ஒரு விளம்பரம் தாமதமாக வந்து இறங்கிப் பக்கத்தையே கீழே தள்ள, என் விரல் அந்த விளம்பரத்தின் மீதே பட்டது. தேர்வுக்கு முந்தைய இரவில், அம்மாவின் போனில் வினாத்தாள் தேடும் மாணவனுக்கு இதுதான் கதி. தளத்தின் உரிமையாளரோ, "கிளிக் நன்றாக ஏறியிருக்கிறது, சார்" என்றார்.

இந்தப் பெருமைதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் விளம்பரதாரர் காசு கட்டுகிறார். கைதவறி வந்தவனோ மறுநொடியே திரும்பிவிடுகிறான். ஆட்சென்ஸ் இத்தகைய கிளிக்குகளைச் செல்லாதவை எனக் கண்டால், கணக்கில் காட்டிய தொகையிலிருந்து கழித்துவிடும். தொடர்ந்தால் கணக்கையே முடக்கவும் செய்யும். பணம் எடுக்கத் தேவையான 100 டாலரை எட்டும் முன்பே கணக்கை இழந்தவர்களும் உண்டு. விளம்பரம் வந்து அமரும் உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் பக்கம் குதிக்காது. பட்டனுக்கும் விளம்பரத்துக்கும் இடையே தாராளமாக இடம் விட்டு, விளம்பரத்தின் மேல் 'விளம்பரம்' என்று எழுதிவிட வேண்டும். பிறகு, விலை குறைந்த ஒரு போனில், சிக்னல் மந்தமான இடத்தில் நின்று நீங்களே திறந்து பாருங்கள்.

சந்தாவிலிருந்து விலகும் வழியை ஒளித்தல்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இப்படி ஒளிப்பது தடை செய்யப்பட்ட ஏமாற்று முறை.

கமிஷனைச் சொல்லாமல் பரிந்துரைத்தல்

'எந்த மிக்ஸி வாங்கலாம்' என்ற கட்டுரையில் வரும் இணைப்புகளின் வழியே வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் கிடைக்குமென்றால், அதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கமிஷன் வாங்குவதை வாசகர்கள் பெரும்பாலும் குறை சொல்வதில்லை. கடைசிவரை நடுநிலையான அறிவுரை என்று நம்பிப் படித்தபின் அதைத் தாமாகக் கண்டுபிடித்தால்தான் கோபப்படுகிறார்கள். மேற்சொன்ன நெறிமுறைகள் பட்டியலிடும் 13 ஏமாற்று முறைகளுள், விளம்பரம் என்று தெரியாதபடி வேறு உள்ளடக்கம்போல் வரும் மாறுவேட விளம்பரமும் ஒன்று.

பக்கத்தை விளம்பரத்தால் நிரப்புதல்

கைபேசியில் உள்ளடக்கப் பகுதியின் உயரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் விளம்பரமாக இருந்து, எச்சரித்தும் திருத்தப்படாத தளத்தில், குரோம் உலாவி ஒழுங்கான விளம்பரங்களையும் சேர்த்தே தடுத்துவிடக்கூடும்.